காணாமல் போன பதினைந்து கிலோமீட்டர்

அவன் மனைவி ஆபீஸ் போய்வர இருபது கிலோமீட்டர். ஆனால் புது மின்சாரக் காரில், இன்னும் எவ்வளவு தூரம் ஓடும் என்று காட்டும் மீட்டர் தினமும் முப்பத்தைந்தைக் கழித்துக் காட்டியது. மீதிப் பதினைந்து எங்கே? ஏழு மணிக்கு அவள் உள்ளே நுழைந்ததுமே, "ஏன் லேட்டு? யாரோட இருந்தே?" என்று தினமும் குடைந்து பார்த்துவிட்டான். "டிராஃபிக்" என்பாள்.

இன்று லீவு போட்டுக் காரை சர்வீஸுக்கே கொண்டுவந்துவிட்டான்.

"விளம்பரத்துல சொல்ற தூரம் ரோட்டுல வராது சார். வேகம், வெயில், ஏசி..." என்றார் மெக்கானிக்.

"அந்தக் கதையெல்லாம் வேணாம். வண்டி எங்கெங்க சுத்துச்சுன்னு பாருங்க."

மெக்கானிக் லேப்டாப்பை இணைத்தார்.

"எங்கேயும் சுத்தல சார். ஓடினது இருபதுதான். ஆனா தினம் ஆறுலேர்ந்து ஏழு வரைக்கும் ஒரே இடத்துல, ஏசி போட்டபடி நின்னிருக்கு. சார்ஜை அதுதான் தின்னிருக்கு."

"நெனைச்சேன்! அட்ரஸைச் சொல்லுங்க. இன்னிக்கே கையும் களவுமாப் பிடிக்கிறேன்!"

மெக்கானிக் திரையைப் பார்த்தார். பிறகு, அவன் நிரப்பிக் கொடுத்திருந்த சர்வீஸ் படிவத்தைப் பார்த்தார்.

"இதுல நீங்க எழுதியிருக்கிற அட்ரஸ்தான் சார். உங்க அபார்ட்மென்ட் பார்க்கிங். டிரைவர் சீட்ல மட்டும்தான் ஆள் இருந்திருக்காங்க."