பூப்போட்ட காசு

"வண்டியை வித்த காசு எங்கடான்னு கேட்டா, உன் தம்பி பல்லைக் காட்டுறான். எங்கயாவது சீட்டாடித் தொலைச்சிருப்பான். வேறென்ன?"

தங்கக் கடைக்குள் நுழையும்போதே ஆரம்பித்துவிட்டார் கண்ணாடிக்கடைக்காரர்.

மூக்குக்கண்ணாடி விற்பது அவர் தொழில். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுவார், தான் மட்டும் போட மாட்டார். கேட்டால், "எனக்கு எதுக்கு? கழுகுக் கண்ணு" என்பார். விலைச்சீட்டைக் கை நீள்கிற மட்டும் தள்ளிப் பிடித்துத்தான் அந்தக் கழுகு படிக்கும்.

கூட வந்த மனைவி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய தம்பி தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவன். போன வருஷம் வரை பைக்கில் பறந்தவன், திடீரென்று அதை விற்றுவிட்டு, ஸ்பானர் பையைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக மிதிக்கிறான். மச்சானுக்கு இவர் வைத்த பெயர் செல்லாக்காசு. அவனும் ரோஷப்படாமல் "என்ன மாமா?" என்று திரும்பிப் பார்ப்பான்.

கையில் தங்கத்தோடு போகிறோமே என்று அவள்தான் அவனைத் துணைக்கு வரச் சொல்லியிருந்தாள். "நீ வெளியிலயே நில்லு, கிரீஸ் கையோட உள்ள வராதே" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார் இவர்.

"வேற கடைக்குப் போகலாமேங்க" என்றாள் மெதுவாக.

"இங்கதான் நல்ல விலை. பேசாம வா."

டப்பியைத் திறந்து இரண்டு பவுன் காசுகளைக் கண்ணாடி மேஜை மேல் வைத்தார். கண் பரிசோதிக்கிற மெஷின் ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. மீதிக்கு இந்தக் காசுகளைத்தான் நம்பியிருந்தார். மெஷின் வந்துவிட்டால் அடுத்த தெருக் கடைக்காரன் வாயடைத்துப் போவான்.

"நகையா வாங்கினா செய்கூலி, சேதாரம்னு பாதி போயிடும். காசுன்னா முதலுக்கு மோசமில்ல. அப்பவே யோசிச்சு வாங்கிப் போட்டேன்" என்றார், யாரும் கேட்காமலே.

தங்கக் கடைக்காரர் காசுகளைத் தரம் பார்க்கிற மெஷினில் வைத்துப் பார்த்தார். எடை போட்டார். சிரித்தார்.

"சொக்கத் தங்கம் சார். நம்ம கடைக் காசுதானே, இன்னிக்கு விலைக்கே எடுத்துக்கறோம்."

"உங்க கடையா? இல்லியே. வெளியில ஒருத்தர்கிட்ட வாங்கினேன். மூணு வருஷமாச்சு. கடை விலையைவிடக் கொறைச்சல். காசைக் கையில வாங்கிப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு, அசல்னு."

கடைக்காரர் காசைத் திருப்பிப் பார்த்தார்.

"பின்னாடி விளக்கு முத்திரை இருக்கே சார். போன வருஷம்தான் இதைப் போட ஆரம்பிச்சோம்."

"விளக்கா? பூவுங்க அது."

கடைக்காரர் மறுபேச்சுப் பேசாமல் பூதக்கண்ணாடியை நீட்டினார். இவர் வாங்கிப் பார்த்தார். பூவுக்குத் திரி இருந்தது. சுடரும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இந்தக் காசுகளை எடுத்து, கண்ணாடி துடைக்கிற துணியால் துடைத்து, அழகு பார்த்து உள்ளே வைக்கிறவர் அவர். மெல்ல மனைவி பக்கம் திரும்பினார்.

"என்னடி இது?"

அவள் முந்தானையைத் திருகினாள்.

"போன வருஷம் நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரில படுத்திருந்தீங்கல்ல? பணம் பத்தலைன்னா விக்கலாம்னு, விலை கேட்க இங்கதான் எடுத்துட்டு வந்தேன். பூப்போட்ட அந்தக் காசு ரெண்டும் பித்தளைன்னுட்டாங்க. மேல வெறும் முலாம்."

அவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அதிர்ச்சியான சேதி எதுவும் சொல்லக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரே. வீட்டுக்கு வந்தா, மொத ஞாயித்துக்கிழமையே டப்பியைத் திறப்பீங்கன்னு தெரியும். தாங்க மாட்டீங்கன்னு பயந்தேன். தம்பிகிட்ட மட்டும் சொல்லி அழுதேன்."

"அப்போ இந்தக் காசு?"

அவள் கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தாள். அங்கே வெயிலில் சைக்கிள் மேல் சாய்ந்துகொண்டு, அவள் தம்பி கழன்ற பெடலைத் திருகிக்கொண்டிருந்தான்.

"வண்டியை வித்தான்" என்றாள்.

அவர் காசுகளை எடுத்து டப்பியில் போட்டு மூடினார். "மன்னிச்சுக்குங்க, இதை விக்கறதுக்கு எனக்கு உரிமையில்ல" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

"என்ன மாமா, நல்ல விலை கெடைச்சுதா?" என்றான் அவன்.

வழக்கமான பெயர் நாக்கு நுனி வரை வந்து நின்றுவிட்டது. அவனுடைய கிரீஸ் கையை இழுத்து, டப்பியை உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"பிடி மச்சான். உன் வண்டி."

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ, உங்க மெஷின் என்னாகறது மாமா?"

"மெஷின் கெடக்குது விடுடா. முதல்ல எனக்கு ஒரு கண்ணாடி போடணும்."