நாற்பத்தேழாம் விதி

"ஜெனீவாவுல நாலு தேசம் கூடிப் பேசினா நமக்கென்ன மிஸ்டர் ஹெர்பர்ட்? அதைப் படிக்க ஒரு கிளாஸ், அதுக்கு ஒரு லெக்சரர்!"

கல்லூரி நிர்வாக சபைத் தலைவர் சீனிவாசராகவன் தமது சரிகைத் தலைப்பாகையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அதுவும் ஒரு சபை உறுப்பினரைப் போலக் கம்பீரமாக உட்கார்ந்துகொண்டது.

எதிரில் ஹெர்பர்ட் நின்றிருந்தார். கண்டோன்மென்ட் பள்ளிக்கூடத்து நிரந்தர வேலையை உதறிவிட்டு, சர்வதேச விவகாரம் கற்பிக்க, மகாராஜா ராஜ்யத்தைச் சேர்ந்த சிட்டிப் பக்கத்தில் இருந்த இந்தக் கல்லூரிக்கு அவர் வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அதற்குள் வகுப்பை மூடும் உத்தரவு டைப் அடித்துத் தயாராகிவிட்டது. தலைவரின் கையெழுத்துதான் பாக்கி. வகுப்பு போனால் அவர் வேலையும் போயிற்று.

"சார், இந்தப் படிப்போட நோக்கமே நாடுகளுக்கிடையே நல்லெண்ணத்தை வளர்த்து, மானிட சமுதாயத்தை..."

"எத்தனை பேர் வளர்க்கறா?"

"இப்போதைக்கு... ஒருத்தர் சார்."

அந்த ஒருத்தர், பெர்னதெத், நோட்டுப் புத்தகத்தோடு கதவருகே நின்றிருந்தாள். மாணவர் தரப்புச் சாட்சியாக அவளைத்தான் ஹெர்பர்ட் அழைத்து வந்திருந்தார். வேறு யாரை அழைத்து வருவது?

"பேஷ்! இந்த ஒரு பொண்ணுக்காக நான் காக்ஸ் டவுன்லேர்ந்து கார் போட்டுண்டு வரவேண்டியிருக்கு. போன மாசம்தான் பசவனகுடி வீட்டை விட்டுட்டு அங்கே பங்களாவுக்குக் குடிபோனேன். துரைமார் பக்கத்து வீடு. காத்தே வேற தினுசு, போங்கோ!" என்றவர் பெர்னதெத் பக்கம் திரும்பினார். "இங்கே வாம்மா. ஆறு மாசமா என்னத்தைக் கத்துண்டே? ஒரே ஒரு விஷயம் சொல்லு, பார்ப்போம்."

பெர்னதெத் நோட்டைத் திறக்கவில்லை. "ஒப்பந்தம் எழுதினவங்க யாரும் அதைத் திருப்பிப் படிக்கிறதே இல்லைன்னு சார் சொல்லிக் குடுத்திருக்காங்க."

ஹெர்பர்ட் கண்களை மூடிக்கொண்டார். 'உலக அமைதி' என்று சொல்லும்படி காலையில்தான் மூன்று தரம் சொல்லிக் கொடுத்திருந்தார்.

சீனிவாசராகவன் வாய்விட்டுச் சிரித்தார். "அது ஐரோப்பாக்காரன் லட்சணம்! இதோ பார்." மேஜைமேல் இருந்த பச்சை அட்டைப் புத்தகத்தை ஒரு தட்டுத் தட்டினார். தூசி பறந்தது. "இந்தக் காலேஜோட விதிப் புத்தகம். இருபது வருஷத்துக்கு முன்னாடி நானே எழுதினது. ஒவ்வொரு விதியும் மனப்பாடம். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்."

சொல்லிவிட்டு உத்தரவை இழுத்து, பேனாவைத் திறந்தார்.

"அப்போ நாற்பத்தேழாம் விதி ஞாபகம் இருக்குங்களா சார்?"

பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. "ஏன் இல்லாம?"

"சபைத் தலைவர் மகாராஜா ராஜ்யத்துக்குள்ள குடியிருக்கணும்னு இருக்கே, அதுதான் சார். காக்ஸ் டவுன் கண்டோன்மென்ட்டைச் சேர்ந்தது. அங்க வெள்ளைக்காரங்க நிர்வாகம். குடிபோன நாள்ல இருந்து தலைவர் கையெழுத்து செல்லாது, பதவியும் இல்லைன்னு போட்டிருக்கு. எங்க கிளாஸ் கணக்குப்படி பார்த்தா, நீங்க இப்ப அந்நிய தேசத்தவர்."



சீனிவாசராகவனின் கை விதிப் புத்தகத்தை நோக்கிப் போனது. பாதி வழியில் திரும்பி வந்து தலைப்பாகையைத் தடவிக் கொடுத்தது. மனப்பாடமான புத்தகத்தை நாலு பேர் எதிரில் யாராவது புரட்டிப் பார்ப்பார்களா?

"தெரியும், தெரியும்," என்றார். "அந்த விதி கட்டாயம் வேணும்னு அப்போ பிடிவாதம் பிடிச்சதே நான்தான்."

ஹெர்பர்ட்டும் அந்த விதியோடு ரொம்ப நாள் பழக்கம் போலத் தலையை ஆட்டி வைத்தார். அவர் அந்தப் புத்தகத்தை ஒரு நாளும் தொட்டதில்லை.

"இன்னைக்கு இங்கேருந்து உத்தரவுன்னு எதுவும் போகலைன்னா," பெர்னதெத் பணிவாகச் சொன்னாள், "கையெழுத்துப் போட்டவர் வீடு எங்கேன்னு யாரும் கேக்க மாட்டாங்க சார்."

பேனா மூடிக்கொண்டது. உத்தரவு நான்காகக் கிழிந்தது.

"கிளாஸ் பாட்டுக்கு நடக்கட்டும் மிஸ்டர் ஹெர்பர்ட். உலகத்துல நல்லெண்ணம் வளர வேண்டாமா?" சீனிவாசராகவன் தலைப்பாகையை எடுத்து வைத்துக்கொண்டு எழுந்தார். சற்று நேரத்தில் அவருடைய கார் அந்நிய தேசத்தை நோக்கிப் புறப்பட்டது.

வராந்தாவுக்கு வந்ததும் ஹெர்பர்ட் தூணில் சாய்ந்துகொண்டு நீளமாக மூச்சு விட்டார்.

"அப்பாடா! பொழைச்சேன்மா. வீட்டுக்காரிகிட்ட என்ன சொல்றதுன்னு ராத்திரியெல்லாம் முழிச்சிட்டிருந்தேன். என்ன அருமையான விதி! அது எந்தப் பக்கத்துல இருக்கு, சொல்லு. இன்னைக்கே குறிச்சு வச்சுக்கறேன்."

"தேடாதீங்க சார்," என்றாள் பெர்னதெத். "காலையில லைப்ரரில உக்காந்து முழுசும் படிச்சுப் பார்த்துட்டேன், அதுல மொத்தமே நாற்பது விதிதான்."