டீ கேட்ட பிணம்

“சார், ஒரு வாய் டீ கிடைக்குமா?” என்று வெள்ளைத் துணிக்குள்ளிருந்து கேட்டது பிணம்.

“செத்தவன் டீ குடிக்க மாட்டான். பேசாம படு” என்று அதட்டிவிட்டு, துணியை முகம்வரை இழுத்துவிட்டார் துறைமுகத்தின் பாதுகாப்பு அதிகாரி.

பிணத்தின் கழுத்தில் ‘இறந்தவர்’ என்று ஓர் அட்டை தொங்கியது. நச்சுவாயு கசிந்தால் என்ன செய்வது என்று வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் ஒத்திகை அது. அம்மோனியா டாங்க் கசிந்தால் யார் எந்தப் பக்கம் ஓட வேண்டும், யாரை யார் தூக்க வேண்டும், யார் சாக வேண்டும் என்பதெல்லாம் அதிகாரியின் திட்டத்தில் முன்கூட்டியே முடிவாகியிருந்தது. விபத்து நடக்க இன்னும் கால் மணி நேரம் இருந்தாலும், பம்ப் ஆபரேட்டர் அதற்குள் செத்துப்போயிருந்தார்.

“ஏன் சார், வருஷா வருஷம் நானேதான் சாகணுமா? இந்தத் தடவை கால்ல அடின்னு வெச்சுக்குங்களேன். ஆம்புலன்ஸ்ல ஏத்துவாங்க, ஜூஸ் குடுப்பாங்க...”

“யோவ், நானா உன்னைக் கொல்றேன்? காத்து கொல்லுதுய்யா. கடல்ல இருந்து காத்து அடிக்குது. கடல் ஓரமா மைதானம், நடுவுல டாங்க், இந்தப் பக்கம் உன் பம்ப் ரூம். டாங்க் கசிஞ்சா வாயு நேரா உன் மூக்குக்குத்தான் வரும். மைதானத்துக்குப் போனவன் பிழைச்சான், இங்க நின்னவன் காலி. அவ்வளவுதான் விஷயம்.”

ஆபரேட்டர் துணிக்குள்ளேயே மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். மைதானத்தில் கொதிக்கும் டீயின் வாசனை, டாங்கைத் தாண்டி அவர் மூக்குக்கு நேராகத்தான் வந்துகொண்டிருந்தது.

செத்துச் செத்து அவருக்குப் ‘பொணம்’ என்றே பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். ஆனால் இந்த வருடம் அவர் மகளுக்கு அதே துறைமுகத்தின் டைம் ஆபீசில் வருகைப் பதிவு எழுதும் வேலை கிடைத்தது. முதல் நாளே ஒரு கிரேன் டிரைவர், “ஓ, பொணத்தோட பொண்ணா நீ?” என்று கேட்டு நாலு பேரைச் சிரிக்க வைத்தான். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. இன்று காலை அவர் கிளம்பும்போது வாசல்வரை வந்து, “இன்னைக்காவது உயிரோட வாப்பா” என்றாள்.

“என் பொண்ணுக்காகவாவது சார்...”

“திட்டம் மேலிடம் வரைக்கும் போய்க் கையெழுத்தாகி வந்தாச்சு. உன்னைப் பிழைக்க வைக்கணும்னா மறுபடி எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கணும். அதுக்கு நீ சாகறதே சுலபம்” என்று சொல்லிவிட்டு அதிகாரி மைதானத்துக்கு ஓடினார்.

சைரன் அலறியது. எந்த வருடமும் இல்லாத திருநாளாக ஒருவர்கூட முரண்டு பிடிக்காமல், ஈரக் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு மைதானத்துக்கு நடந்தார்கள். டீ அங்கேதான் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். தலைகளை எண்ணிக் குறிக்கும் வேலை டைம் ஆபீஸ் மகளுக்கு. அப்பா பெயருக்கு எதிரே ‘இறந்தவர்’ என்று எழுதும்போது அவளுக்குக் கண் கலங்கியது.

ஒத்திகையை மதிப்பிட வெளியிலிருந்து வந்திருந்த அம்மாள் சிரிப்பை எங்கோ மறந்து வைத்துவிட்டு வந்தவர். அவர்முன் குனிந்து வணக்கம் சொன்ன அதிகாரியின் தொப்பி பறந்து கடல் சுவர்வரை உருண்டது. ஓடிப்போய் எடுத்துத் தட்டி மாட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் திரும்பி வந்தார்.

அங்கே பம்ப் ரூம் பக்கம், துணிக்குள் ஆபரேட்டர் மூக்கை உறிஞ்சினார். டீ வாசனை நின்றுபோயிருந்தது. மறுபடி உறிஞ்சினார். ஒன்றும் இல்லை. உயிர் போனதைக்கூடத் தாங்கிக்கொண்ட மனிதருக்கு இது தாங்கவில்லை. துணியை விலக்கி எழுந்து உட்கார்ந்தார்.

“அடப்பாவிகளா, டீ தீந்துபோச்சா?”

அவ்வளவு தூரத்திலிருந்து கத்தியது பக்கத்தில் நின்று கேட்பதுபோல மைதானத்துக்குத் தெளிவாக வந்து சேர்ந்தது. “டேய், பொணம் எந்திரிச்சிருச்சுடா!” என்று கிரேன் டிரைவர் கூவ, மைதானமே சிரித்தது. மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதிகாரி பக்கத்தில் நின்றவனிடமிருந்து மெகாபோனைப் பிடுங்கினார். “படுய்யா! செத்தவன் எந்திரிக்கக் கூடாது! படு!”

ஆபரேட்டர் படுத்தார்.

“மன்னிக்கணும் மேடம். மத்தபடி எல்லாரும் பிழைச்சாச்சு. சாவு அந்த ஒரு ஆள்தான். அதையும் ஒழுங்காச் செய்ய மாட்டேங்கிறான்.”

அந்த அம்மாள் பேனாவால் மேலே காட்டினார். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். காற்றுத் திசை காட்ட உயரக் கம்பத்தில் கட்டியிருந்த சிவப்பு வெள்ளைத் துணிக்குழாய், அவர்கள் தலைக்கு மேலே வயிறு உப்பிக் கடலைப் பார்த்து நீண்டிருந்தது.

“காத்து எப்ப திரும்புச்சு?”

“அது... திட்டத்துல கடல் காத்துன்னுதான் மேடம்...”

“திட்டம் கிடக்கட்டும். டாங்க்ல இருந்து வர வாயு இப்ப யார் மூக்குல இருக்கு?”

டீ டம்ளர்கள் பாதி வழியில் நின்றன. கிரேன் டிரைவர், சட்டைப் பையில் வைத்திருந்த ஈரக் கைக்குட்டையை மெல்ல எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டான்.

மகள் அதிகாரியின் கையிலிருந்து மெகாபோனை வாங்கினாள். யாரும் தடுக்கவில்லை.

“அப்பா, எந்திரிப்பா... இங்க நாங்க எல்லாரும் செத்துட்டோம்!”