உடைப்பதற்கு ஒரு பெட்டி கப்பு

“கீழ போட்டா கப்பு தூள் தூளா ஒடையணுமாம். அரைவேக்காட்டுல எடுத்துத் தரச் சொல்றாங்க” என்றாள் கண்ணம்மாள்.

விருத்தாசலத்தில் செராமிக் சூளை வைத்திருக்கும் அவள் கணவர் தர்மராஜுக்குக் கோபம் தலைக்கேறியது. “யாரு கேட்டது?”

“கனடாவுல ஒரு நாடகக் கம்பெனிங்க. மேடையில ஒடைக்கிறதுக்காம். அடியில நம்ம முத்திரையும் வேணுமாம்.”

“ஒடையற கப்புல என் முத்திரையா? முடியாதுன்னு சொல்லு.”

“மொதல்ல இதப் பாருங்க.”

செல்போனில் ஒத்திகை ஓடியது. கைலி கட்டிய மீசைக்காரன் ஒருவன் பிளாஸ்டிக் கப்புகளை ஒவ்வொன்றாகத் தரையில் அடித்தான். பெட்டியோடு நின்ற பெண்ணைப் பார்த்துக் கத்தினான்: “கூத்தாடப் போறவளுக்கு இந்த வூட்ல எடமில்ல.”

மகள் இளமதி வீட்டை விட்டுப் போன அன்று, கப்புகளைப் போட்டு உடைத்தபடி தர்மராஜ் சொன்ன அதே வார்த்தைகள்.

“எவன் இவன்? என்னை மாதிரியே பண்றான்?”

“இளமதிதாங்க அது. கனடாவுலதான் இருக்கா. போன வருஷம் சினிமா எடுத்தா, இப்ப நாடகம். இந்த நாடகத்த எழுதினதும் அவதான், மீச ஒட்டி உங்க வேஷம் கட்டறதும் அவதான்.”

தர்மராஜ் போனை அவள் கையில் திணித்தார்.

“அன்னிக்கு நான் ஒடச்சது நல்லா வெந்த கப்பு. அதையேதான் அனுப்புவேன். கை வலிக்க ஒடைக்கட்டும்.”