கடல் வழியாக வந்த அதிகாரி

படகு தரை தட்டியதும் எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"என்னாச்சு?" என்றார் அதிகாரி.

"மண்ணு சார்" என்றேன்.

ஒன்பது வருடமாக இந்த ஒரு வார்த்தையைத்தான் மனு மனுவாக எழுதி அனுப்பிக்கொண்டிருந்தோம். எங்கள் ஊர்க் கால்வாய் மண் மூடிக் கிடக்கிறது, தூர் வாருங்கள் என்று. கடல் இறங்கிவிட்டால் ஒரு படகும் உள்ளே வர முடியாது. பிடித்த மீனை வைத்துக்கொண்டு, ஐஸ் கரைவதைப் பார்த்தபடி வெளியே கிடக்க வேண்டும்.

மனுவுக்குப் பதிலாக எப்போதாவது ஓர் அதிகாரி தலைநகர் துனிஸிலிருந்து காரில் வருவார். கடையில் உட்கார்ந்து பாதாம் போட்ட டீ குடிப்பார். கால்வாயைத் தூரத்திலிருந்து எட்டிப் பார்ப்பார். "தண்ணி இருக்கே" என்பார். போய்விடுவார்.

இந்த முறை கடல் வழியாக வந்து பாருங்கள் என்று கேட்டோம். என்ன நினைத்தார்களோ, சரி என்றுவிட்டார்கள். இவர் இன்று சொல்லப்போவதுதான் கடைசி வார்த்தை. ஒன்று, தூர் வாரும் எந்திரம் வரும். இல்லையென்றால் மண் ஏறி ஏறி எங்கள் படகுத்துறையே மூடிப்போகும். அப்புறம் படகோடு அடுத்த ஊருக்குப் போய், இடம் கொடுங்கள் என்று கெஞ்சி நிற்க வேண்டியதுதான்.

திட்டம் மொன்ஜியா அக்காவுடையது. மட்டி பொறுக்கும் பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. மனு எழுத வைத்ததும் அவள்தான், கூட்டம் கூட்டியதும் அவள்தான்.

"கடல் எறங்குற நேரமாப் பாத்துக் கூட்டிட்டு வா, ஃபெர்ஜானி. மணல்ல ஏத்திட்டு எஞ்சின நிறுத்து. தண்ணி திரும்ப ஏறுற வரைக்கும் துரை உக்காந்து பாக்கட்டும்."

என்னிடம் இப்படிச் சொன்னதோடு, ஊர் முழுவதிடமும் சத்தியம் வேறு வாங்கியிருந்தாள். ஒருவரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது.

சத்தியம் வாங்காமல் நடக்காது. தட்டிய படகைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கும் பழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. பகையாளியின் படகாக இருந்தாலும் முதலில் தள்ளிவிடுவார்கள். சண்டையை அதற்கப்புறம் தொடர்வார்கள்.

இன்று எல்லோரும் கரையில் கோரிக்கை எழுதிய அட்டைகளைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். யாரும் அசையவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

எஞ்சினை நிறுத்தினேன்.

காற்று பக்கவாட்டில் தள்ளியது. படகு மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதிகாரி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். சின்ன வயது. நேற்றுதான் வேலையில் சேர்ந்தவர்போல் இஸ்திரி போட்ட காற்சட்டை, மடியில் பை.

"அண்ணே, எனக்கு நீச்சல் தெரியாது."

முழங்கால் தண்ணீர்தான். சொல்லியிருக்கலாம். பயந்தால்தானே எழுதுவான் என்று வாயை மூடிக்கொண்டேன்.

படகு இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "அம்மா!" என்று கத்தினான். கரைவரைக்கும் கேட்டது.

கரையில் ஓர் அட்டை கீழே விழுந்தது.

யாருடையது என்று பார்த்தேன். மொன்ஜியா அக்கா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

வேண்டாம் என்று கையை ஆட்டினேன். சீக்கிரம் வரச் சொல்கிறேன் என்று நினைத்து மற்றவர்களும் ஓடி வந்தார்கள். அவள் தம்பி பெல்காசெம் முன்னால், அவனுக்குப் பின்னால் மொத்தக் கரையும். நான் பல்லைக் கடித்தேன், முறைத்தேன். யார் பார்த்தார்கள்?

"யா அல்லாஹ், தள்ளு!"

படகு அசைந்தது, நிமிர்ந்தது, வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அதிகாரியின் ஷூவில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. பயம் தெளிய ஆரஞ்சுப்பூ நீர் விட்ட சர்க்கரைத் தண்ணீர்கூடக் கொடுத்தார்கள்.

குடித்து முடிப்பதற்குள் அவனுடைய போன் அடித்தது.

"வந்துட்டேன் சார். ஆமா, கால்வாய் வழியாத்தான். படகு உள்ள வந்துடுச்சு சார்."

"நாங்க தள்ளினோமே!" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். உண்மையாகவே வருத்தப்பட்டான் என்றுதான் சொல்ல வேண்டும்.

"அதெல்லாம் கேக்க மாட்டாங்க அண்ணே. படகு வருதா வரலையான்னுதான் கேப்பாங்க."

கோபப்படக்கூடத் தெம்பு இல்லை. அப்படியே கல்லில் உட்கார்ந்தேன்.

மொன்ஜியா அக்கா பாவாடையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"சத்தியம் வாங்கின நீயே இப்படிப் பண்ணலாமா அக்கா?"

"பயந்துட்டான்டா" என்றாள்.

அதிகாரி பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எங்களிடம் வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அக்கா, திரும்பிப் போறதுக்கு ஏதாவது வண்டி கெடைக்குமா? இன்னொரு தடவை அந்தக் கால்வாய் வழியா என்னால போக முடியாது."



மொன்ஜியா அக்கா பெல்காசெம் பக்கம் திரும்பி, வேனை எடுத்துவரச் சொன்னாள்.