கார்டு இல்லை என்கிறது கணினி

பிற்பகல் வெயில் மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. இரவல் வாங்கிய பிளேயருக்குள் பூஞ்சை பிடித்த வீடியோ டேப் கரகரக்கிறது. அவளுடைய இறந்துபோன கணவரின் குரல் மிஞ்சியிருப்பது அதில் மட்டும்தான். மாலைக்குள் அதைக் கணினியில் ஏற்றியாக வேண்டும். பதிவு மென்பொருளோ, 'கேப்சர் கார்டு எதுவும் இல்லை' என்றே சாதிக்கிறது; டேப்பில் ஓடுவதைக் கணினிக்குள் வாங்கித் தருவது உள்ளே செருகியிருக்கும் அந்தக் கார்டுதான். "இதுக்கும் கார்டுக்கும் ஒத்துக்காது போல. விட்டுடலாம் அண்ணி," என்கிறான் கொழுந்தன். அவள் திரையின் மூலையைக் காட்டுகிறாள். அங்கே, டிவி பார்க்கும் மென்பொருளில், அவர் ஓசையின்றிச் சிரிக்கிறார். வேலை முடியும்வரை அண்ணி பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று கொழுந்தன்தான் திறந்துவைத்தான். "எனக்குத் தெரியுற மனுஷன் அதுக்குத் தெரியலையாமா? சாமியும்தான் கண்ணுக்குத் தெரியலே, நான் கும்பிடாமலா இருக்கேன்? இல்லேன்னு சொல்ல அது யாரு? மறுபடி பாரு!" அவன் மூலையைப் பார்க்கிறான், கை தானாக நெற்றிக்குப் போகிறது. "நான் ஒரு மடையன், அண்ணி. கார்டை இந்த டிவி மென்பொருள் பிடிச்சு வெச்சிருக்கு. ஒண்ணு விட்டாத்தான் இன்னொண்ணுக்குக் கிடைக்கும். அண்ணனை மூடினாத்தான்..." அன்பாகச் செய்ததுதான் குறுக்கே நிற்கிறது. அவள் அவன் தோளைத் தட்டிவிட்டு, மவுசை வாங்கித் தானே அந்தச் சிரிப்பை மூடுகிறாள். பதிவு மென்பொருளில் கார்டின் பெயர் எழுந்து நிற்கிறது. "முதல்லேருந்து ஓட்டுப்பா," என்கிறாள் நிமிர்ந்து. "சிரிச்சது போதும். இப்ப பேசட்டும்."