அட்டைக்குச் சவர்க்காரம்

டிசம்பர் லீவுக்கு நக்கிள்ஸ் மலைக்குப் போவதென்று யசோதினி முடிவெடுத்தாள். மாங்கேணிக் கடற்கரையை விட்டு அசையாத அவளது குடும்பம் முணுமுணுத்தது.

“வேனில போய்க் கீழ நிண்டு பாப்பம். ஏற எனக்கு மூச்சு வாங்கும்,” என்றான் கணவன் சுதாகரன்.

“வலை இழுக்கக்குள்ள வாங்காத மூச்சு இப்ப எங்கால வருது?”

“எனக்கு முழங்கால் நோகுது அம்மா,” என்றான் மகன் கிரிசாந்த்.

“நேற்று கிரிக்கெட் அடிக்கக்குள்ள நோகல்லையே?”

போனைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் உசாந்தி கத்தினாள். “அங்க கால் முழுக்க அட்டை கடிக்குமாம். நான் வரமாட்டன்!”

“சவர்க்காரம் பூசிட்டு நடந்தா ஒரு அட்டையும் ஏறாது. நாலு பேரும் உச்சியில நிண்டுதான் போட்டோ எடுக்கிறம்.”

மலையடியில் தூறல். சுதாகரனும் பிள்ளைகளும் சவர்க்காரக் கட்டியை நனைத்து முழங்கால்வரை நுரை வர அப்பிக்கொண்டார்கள். கடைசியில் ஒரு சின்னத் துண்டுதான் மிஞ்சியது.

“அம்மாவுக்குக் காணாதே,” என்றாள் உசாந்தி.

“காணும் மகள். எனக்குப் பூச ஒரு கால்தானே இருக்கு.”

யசோதினி தன் செயற்கைக் காலின் வாரை இறுக்கிக்கொண்டு முதல் ஆளாக ஏறினாள்.

பின்னால் மூச்சு வாங்க ஏறிய சுதாகரன், இறங்கி வந்த ஒவ்வொருவரிடமும், அவர்கள் கேட்காமலே, சொன்னான்:

“முன்னுக்குப் போறது என்ட மனிசி!”